வாயிலோரத்து ஆவாரை

பட்டாபிராமில் நான் பங்குப்பணி ஏற்ற நாளில் இல்லத்தின் வாயிலருகே ஓர் ஆவாரைச் செடி நின்றது. அதை நட்டவர் எவருமில்லர். ரோஜாவும் குரோட்டன்சும் வாங்கி வரிசையாக வைத்த நான், சாலையோரச் செடிக்குத் தோட்டத்தில் என்ன இடம் என்றெண்ணி அதை வெட்டச் சொன்னேன். ஆலயத்தைப் பெருக்கும் மூதாட்டி மட்டும், “இருக்கட்டும் சாமி, அது உங்ககிட்டத் தண்ணிகூடக் கேக்காது” என்றார். அவருக்காக விட்டுவைத்தேன்.

2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டியும் சோழவரமும் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டன. குடிநீர் லாரிக்காக மக்கள் குடங்களுடன் காத்திருந்த நாள்களில் ரோஜாவுக்கு நீர் ஊற்ற மனம் ஒப்பவில்லை. அவை கருகின. ஆவாரையோ கிளைதோறும் பொன்னிற மலர்களுடன் நின்றது. அன்றுதான் அதை முதன்முறையாக உற்று நோக்கினேன்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 மலர்களுள் ஆவிரையும் ஒன்று. பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும்போது சிறுபூளையோடும் வேப்பிலையோடும் அது சேர்கிறது. அதன் தழை வயலுக்கு உரம். அதன் பட்டை நெடுங்காலம் தமிழகத்தில் தோல் பதனிடப் பயன்பட்டது. யோப்பாவில் தோல் பதனிடும் சீமோன் வீட்டில் தங்கிய பேதுருவை நினைத்துக்கொண்டேன். பிறர் தாழ்வாக எண்ணிய அந்த இல்லத்தில் இருந்தபோதல்லவா, கடவுள் எவரையும் தீட்டென ஒதுக்குவதில்லை என்பதை அவர் உணர்ந்தார்!

மடத்துத் தோட்டத்தின் ஒரு பகுதியைப் பண்படுத்தாமல் விட்டுவைக்கும்படி அசிசி நகர்ப் பிரான்சிஸ் கேட்டுக்கொண்டாராம், காட்டுப் பூக்கள் தாமே வளரட்டும் என்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இதை எடுத்துரைக்கிறார். மறையுரையில் இதை நானும் சொன்னேன். பராமரிப்பே வேண்டாத செடி என்று ஆவாரையைப் புகழ்ந்தேன். அங்கேதான் பிழைத்தேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. வளாகத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. வெள்ளம் வடிந்தபின் பார்த்தால், ஆவாரையின் இலைகள் பழுத்து உதிர்ந்து, வேர் அழுகியிருந்தது. வறட்சியைத் தாங்கும் அச்செடி தேங்கிய நீரைத் தாங்காது. ஒரு சிறு வாய்க்கால் வெட்டியிருந்தால் பிழைத்திருக்கும். அது எதுவும் கேட்காது என்பதால், அதற்கு எதுவும் தேவையில்லை என்று இருந்துவிட்டேன்.

அவ்வாரங்களில் மூதாட்டி ஆலயத்திற்கு வரவில்லை. வீட்டைத் துப்புரவு செய்கிறார் போலும் என்றெண்ணினேன். நிவாரணப் பொருள் கேட்டு வந்தவர்களின் பட்டியல் என் மேசையில் இருந்தது. அவர் பெயர் அதில் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய ஞாயிறன்று சென்று பார்த்தபோது, ஈரம் உலராத தரையில் காய்ச்சலுடன் கிடந்தார். “உங்களுக்கு எத்தனையோ வேலை சாமி” என்றார். நோயில்பூசுதல் அளித்தேன். மருத்துவமனையிலும் சேர்த்தோம். பொங்கலுக்கு முன்பே அவரை அடக்கம் செய்தேன்.

ஆவாரை பூத்த ஊரில் சாவே இல்லை என்னும் பொருளில் நம்மிடையே ஒரு முதுமொழி உண்டு. கல்லறை அருகே நின்று உயிர்ப்பைப் பற்றிப் பேசிய எனக்கு, அன்று நா தழுதழுத்தது.

சில நாள்களில் அவருடைய பேத்தி ஒரு பிடி காய்ந்த ஆவாரை நெற்றுகளைக் கொண்டுவந்தாள், பாட்டி எடுத்துவைத்தவையாம். விதையின் தோல் கடினமானது. வெந்நீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்து, இம்முறை மண்ணை மேடாக்கி, நீர் வடிய வழிசெய்து விதைத்தேன். அவற்றுள் மூன்று இன்று இடுப்புயரம் நிற்கின்றன. கல்லறைத் திருநாளில் முதல் பூங்கொத்தை அவர் கல்லறையில் வைத்தேன்.

அன்பர்களே, நம் பங்குகளிலும் குடும்பங்களிலும் கேட்காமலே பூப்பவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்ததும், பட்டியலில் இல்லாத ஒரு வீட்டுக்கு இப்போதெல்லாம் சென்று வருகிறேன். நீங்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டப்போகிறீர்கள்?