ஆப்பிள்விதை ஜானி

தெனாலிராமன் கதை நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பழக்கமோ, அவ்வளவு பழக்கம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆப்பிள்விதை ஜானியின் கதை. தலையில் தகரப் பாத்திரம், செருப்பறியாத கால், தோளில் விதை மூட்டை. காடெங்கும் விதை தூவிக்கொண்டே நடந்த பித்தராகப் படப்புத்தகங்கள் அவரைக் காட்டும். 1948-இல் வால்ட் டிஸ்னியார் வெளியிட்ட சித்திரப் படமும் ஏறக்குறைய அப்படியே காட்டிற்று. நமக்கோ பித்தரைக்காட்டிலும், அவருக்குள் இருந்த கணக்கரையே மிகவும் பிடித்திருக்கிறது.

ஜான் சாப்மன் 1774-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெமின்ஸ்டரில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன் தாயை இழந்தார். வாலிபத்தில் மேற்கே புறப்பட்டுப் பென்சில்வேனியாவையும், பின்னர் ஒஹையோவையும் அடைந்தார். ஆப்பிள் சாறு பிழியும் ஆலைகளில் சக்கையோடு எறியப்படும் விதைகளைப் பொறுக்கிக் கழுவி மூட்டை கட்டுவார். குடியேறுவோர் வருமுன்பே ஆற்றங்கரைகளுக்குச் சென்று புதரை வெட்டி, வேலியிட்டு, நாற்றங்கால் அமைப்பார். விலைக்கு வாங்கிய சரக்கன்று. விற்பதோ கன்று ஒன்றுக்கு ஆறு சென்ட் அளவில். காசில்லாதவர் பழந்துணி தந்தாலும் சரி, பிறகு தருவதாக எழுதிக் கொடுத்தாலும் சரி, ஏற்றுக்கொள்வார். ஒஹையோ கம்பெனி வழங்கிய நிலத்தில் உரிமை நிலைக்க வேண்டுமாயின், மூன்றாண்டுக்குள் 50 ஆப்பிள் மரமும் 20 பீச் மரமும் வைத்தாக வேண்டும் என்பது விதி. கன்றுக்குக் கிராக்கி இராமல் என்ன செய்யும்? 1845 மார்ச்சில் இண்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் அருகே அவர் காலமானபோது, ஏறக்குறைய 1,200 ஏக்கர் நிலம் அவருக்கு இருந்தது. செருப்பில்லாத மனிதருக்கு!

அந்த மண்ணில் முன்பு வாழ்ந்தவர் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1795-இல் ஏற்பட்ட கிரீன்வில் உடன்படிக்கையால் பழங்குடி மக்கள் ஒஹையோவின் பெரும்பகுதியை இழந்தனர். சாப்மன் அவர்களோடு நட்புப் பூண்டிருந்தார் என்பர். ஆயினும் அவர் வளர்த்த கன்றுகள் புதிதாய் வந்தவர்களின் நில உரிமைக்கே சாட்சியாயின.

ஒட்டுக் கட்டுவதை மட்டும் அவர் ஒப்பவே இல்லை. மரத்தை வெட்டி வருத்துதல் தீது என்று கருதினார். ஆப்பிள் விதைக்கோ ஒரு விந்தைக் குணம் உண்டு. தாய்மரத்தின் கனியை அது அப்படியே தராது. நூறு விதையிட்டால் நூறும் வெவ்வேறு. பெரும்பாலானவை சிறுத்துப் புளிப்பன. மது வடிக்கத்தான் உதவும்.

இதைப் படித்தபோது நம் வீட்டு நினைவு வராமலில்லை. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஈரத்துணி சுற்றிக் கொணர்ந்த முருங்கைக் கொம்பைத் தில்லியில் நட்டோம். ஊரிலுள்ள மரத்தின் காய் எதுவோ, அதே காயை இதுவும் காய்க்கிறது. பிள்ளைகள் அப்படியா? விடுமுறையில் வந்திருந்த பாட்டியிடம், "ஏன் பாட்டி இவ்வளவு பரேஷான் ஆகிறாய்?" என்றான் நம் இளையவன். "இவன் யாரைப்போலப் பேசுகிறான்?" என்று அம்மையார் நம்மைக் கேட்டார். நாம் விடை சொல்லவில்லை.

சாப்மனுக்கு ஒரு தலைமுறைக்குப் பின் அயோவாவில் ஜெஸ்ஸி ஹயட் என்னும் குடியானவரின் தோப்பில், வரிசைக்குப் புறம்பாக ஒரு கன்று தானே முளைத்தது. சாப்மனின் விதையன்று அது, யாரும் இட்டதுமன்று. வேண்டாத கன்றென்று அவர் வெட்டினார்; தழைத்தது. மீண்டும் வெட்டினார், மீண்டும் தழைத்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாராம். அது காய்த்த கனியை 1890-களில் ஸ்டார்க் நாற்றுப்பண்ணையார் உரிமை வாங்கி 'டெலிஷியஸ்' எனப் பெயரிட்டனர்.

அவ்வினத்தின் ஒட்டுக் கன்றுகளைத்தான், ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து சிம்லா மலையிலுள்ள கோட்கரில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916 வாக்கில் அங்கே நட்டார். சாப்மன் வெறுத்த ஒட்டுமுறையே அதைக் கடல் கடத்திற்று. ஆவணி, புரட்டாசியில் நம் தெருவில் தள்ளுவண்டிக்காரர் சிம்லா ஆப்பிள் என்று கூவி விற்கும் செங்கனிகளில் பல அந்தக் குலத்தைச் சேர்ந்தவையே.