ராத்தங்கல் எந்த ஊரில்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மேற்கே இரண்டுக்கும் ஒரே மலைத்தொடர். ஊடே ஓடுவது ஒரே மதுரை–கொல்லம் நெடுஞ்சாலை. சென்னைக்காரர்களை இரவோடு இரவாகக் கொண்டுவந்து சேர்ப்பதும் ஒரே பொதிகை எக்ஸ்பிரஸ். ஆனாலும் எந்த ஊரில் அறை எடுக்கிறோம் என்பதில்தான் மறுநாள் பொழுது அமைகிறது.

ஆண்டாளைச் சேவிக்க வருபவர்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்தான் சரி. பதினொரு நிலைக் கோபுரத்தைப் பகலில் யாரும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். கூட்டம் சேருமுன் சன்னதியில் நிற்க வேண்டுமானால், குளித்ததும் நடந்தே போகிற தூரத்தில் அறை வேண்டும். மார்கழியில் கேட்கவே வேண்டாம். கோயிலைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் ஆடம்பரம் எதிர்பார்க்கக் கூடாது. வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் பால்கோவா போடுகிற இடம் கண்ணில் பட்டால் கொஞ்சம் நில்லுங்கள். அகன்ற வாணலியில் பால் சுண்டிக்கொண்டிருக்கும். அடிபிடிக்காமல் துடுப்பு போடுகிற கை ஓயாது. பாலும் சர்க்கரையும்தான் சரக்கு. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தப் பண்டம் அதிக நாள் தாங்காது. ஊருக்குக் கிளம்புகிற அன்று வாங்குவதே நல்லது.

ராஜபாளையம் மில் ஊர். 1930-களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையிலிருந்து கிளைத்ததுதான் இன்றைய ராம்கோ குழுமம். நூலுக்கும் பேண்டேஜ் துணிக்கும் வெளியூர் வியாபாரிகள் வந்து போகிற ஊர் என்பதால் ஏசி அறை, சாப்பாட்டு வசதி, கார் நிறுத்த இடம் எல்லாம் இங்கே தேடக் கஷ்டமில்லை. குற்றாலச் சீசனுக்குப் போகிற குடும்பங்களுக்கும் இதுவே தோது. சென்னை மாகாண முதல்வராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து உண்டாக்கிய காந்தி கலைமன்றத்தையும் பார்த்துவிடலாம். அய்யனார் அருவிக்குக் கிளம்புமுன் வனத்துறை விடுகிறதா என்று விசாரியுங்கள். 2021 முதல் இந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.

எந்த ஊரானாலும் ரோட்டுப் பக்க அறை வேண்டாம். கேரள லாரிகள் இரவெல்லாம் உறங்கவிடாது. பின்பக்கம், மேற்கே பார்த்த ஜன்னல் கிடைத்தால் காலையில் மலை தெரியும். சாயங்கால வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரயிலில் விடியற்காலை இறங்குபவர்கள், வாடகை 24 மணி நேரக் கணக்கா, பகல் 12 மணிக் கணக்கா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அரை நாளுக்கு ஒரு நாள் வாடகை போய்விடும்.

ஆடிப்பூரத் தேரன்று இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். அன்று ராஜபாளையத்தில் தங்கி, பஸ்ஸில் வந்து வடம் பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். சதுரகிரிக்குக் கூட்டம் ஏறுகிற அமாவாசை, பௌர்ணமிகளிலும் அறைகள் சீக்கிரம் தீரும். கல்யாண முகூர்த்தமானால் இரண்டு ஊரிலும் இடமிருக்காது. ஆகவே வாடகை விசாரிக்குமுன், பக்கத்துச் சிவகாசியில் அச்சடித்த காலண்டர் ஒன்றைப் புரட்டிவிடுங்கள்.