மழைக்கால அறையும் ஓர் ஈரானியப் படமும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தேவாலாவில் பிள்ளைகளுக்கு வீடே உலகம். இவ்வாண்டு மழைக்கு முன்பாக முன்னறையைக் கதகதப்பாக அமைக்க எண்ணினோம். மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தில் வரும் வீட்டைப் போல இருக்கட்டும் என்றனர் பிள்ளைகள்.

தங்கையின் காலணி தொலைந்துவிட, அண்ணன் அலீயும் தங்கை ஸஹ்ராவும் ஒரே ஜோடியை மாறி மாறி அணிந்து பள்ளி செல்வதே அப்படத்தின் கதை. அவர்கள் வீட்டில் உண்பதும் படிப்பதும் தரைவிரிப்பின் மீதுதான். நாங்களும் ஜமுக்காளம் விரித்து, திண்டுகள் இட்டு, மஞ்சள் விளக்கொன்றும் ரிஹாலும் வைத்தோம்.

அவ்விருவரின் படத்தைச் சுவரில் மாட்டப் பிள்ளைகள் விரும்பினர். உருவங்கள் கொண்ட திரையை நபி (ஸல்) அவர்கள் வெறுத்ததையும், அத்துணியை ஆயிஷா (ரலி) அவர்கள் தலையணைகளாக்கிக் கொண்டதையும் எடுத்துரைத்தோம். உயிரற்றவற்றை வரையத் தடையில்லை. ஆகவே மகள் அந்தக் காலணிகளை வரைந்து மாட்டினாள்.

ஆயினும் அவ்வீட்டின் அழகு விரிப்பில் இல்லை. பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டிகளை உடைக்கும் தந்தை, தம் தேநீருக்கு அதிலிருந்து ஒரு துண்டும் எடுப்பதில்லை. அது அமானிதம். மதரஸா தேநீருக்கான சர்க்கரை டப்பா எங்கள் அறை அலமாரியிலும் இருக்கிறது. வீட்டுச் சர்க்கரை தீர்ந்த நாளில் பிள்ளைகள் அதைத் தொடுவதில்லை. வெல்லம் இருக்கிறதா என்று கேட்கின்றனர். அல்ஹம்துலில்லாஹ்.