இருவர் அறை

தமிழில் தனிமையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் தனியாகச் சாப்பிட்டவர்கள் அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அம்மா போட்ட காப்பியைக் குடித்துவிட்டு, கூடத்தில் குழந்தைகள் தூங்கிய பிறகு, விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதியவர்கள். எழுபதுகளின் சிறுபத்திரிகைகளை இன்று புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் தனிமை. அது ஒரு மனநிலையாக, தத்துவமாக, சில சமயம் அந்தஸ்தாகவும்கூட இருந்திருக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையை ரூபாயில் சொல்லிவிடலாம் என்று யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரு உல்லாசக் கப்பலில் தனியாகப் போவதென்று நான் விசாரிக்க ஆரம்பித்ததும் எனக்குக் கிடைத்த முதல் தகவல் அந்த விலைதான். சரியாக இன்னொரு ஆள்.

கப்பல் சிங்கப்பூரில் புறப்படுகிறது. மலாக்கா ஜலசந்தி வழியாக மேலேறி, கிள்ளான் துறைமுகத்தில் நின்று, பினாங்கில் ஒரு பகல் கழித்து, சிங்கப்பூருக்கே திரும்புகிறது. நான்கு இரவுகள். தஞ்சாவூரில் ஒரு பயண ஏஜென்டிடம் போனேன். ஜன்னல் இல்லாத உள் அறை போதும் என்றேன். ஆளுக்கு 38,000 ரூபாய் என்று அச்சிட்ட தாளைக் காட்டினார். "எத்தனை பேர் சார்?" "ஒருவர்." அவர் கால்குலேட்டரைத் தட்டி 76,000 என்றார். எனக்கு வயது 66, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செய்துகொள்ளாததற்காக என்னிடம் பலரும் பலவிதமாக வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். தொகை சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இதில் மோசடி ஏதும் இல்லை. உல்லாசக் கப்பல் தொழிலில் விலை என்பதே இரண்டு பேர் ஓர் அறையில் இருப்பார்கள் என்ற அனுமானத்தின்மீது போடப்படுவது. தனியாக வருகிறவர் காலிப் படுக்கைக்கும் கட்ட வேண்டும். சில கப்பல்களில் பாதி கூடுதல், சிலவற்றில் முழுதாக இரண்டு மடங்கு. காரணம் அறை மட்டுமல்ல. கப்பலின் லாபத்தில் ஒரு பெரும் பங்கு டிக்கெட்டில் இல்லை. மது, சூதாட்டக்கூடம், கடைகள், கரையில் சுற்றிக்காட்டும் பஸ்கள் இவற்றில் இருக்கிறது. படுக்கையில் இல்லாதவன் குடிப்பதில்லை, சூதாடுவதில்லை, துணைவிக்கு மணிமாலை வாங்கித்தருவதுமில்லை. அந்த நஷ்டத்தை இருப்பவன் ஈடுசெய்ய வேண்டும்.

கணக்குப் புத்தகத்தில் இது இன்னும் துல்லியமாக இருக்கிறது. ஓர் அறைக்கு இருவர் என்றால்தான் கப்பல் நூறு சதவீதம் நிறைந்ததாக எழுதுவார்கள். மேல் கட்டிலில் குழந்தைகளைப் படுக்கவைக்கும் குடும்பங்கள் வந்தால் கப்பல் நூறு சதவீதத்துக்கும் மேலே நிறைந்துவிடும். பெரிய கம்பெனிகளின் வருஷ அறிக்கைகளில் 105, 107 என்பது போன்ற எண்களைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கின்படி நான் படுத்திருக்கும் அறை பாதி காலி. இந்த வரியை ஒரு புதுக்கவிஞர் எழுதியிருந்தால் நாம் பாராட்டியிருப்போம்.

ஏஜென்ட் தந்த தாளில் ஒரு விநோதத்தைக் கவனித்தேன். கப்பல் கட்டணம் இரண்டு ஆளுக்கு. துறைமுக வரி ஒரு ஆளுக்கு. பணியாளர்களுக்கான தினசரி டிப்ஸும் ஒரு ஆளுக்கு. பெரும்பாலான கப்பல்களில் வழக்கம் இதுதான். அதாவது அரசாங்கம் என்னை ஒருவனாகப் பார்க்கிறது, அறையைக் கூட்டித் துடைக்கிற ஆள் ஒருவனாகப் பார்க்கிறான், நடுவில் இருக்கும் முதலாளிக்கு மட்டும் நான் இரண்டு பேர்.

தனியாக வருகிறவர்களுக்கென்றே அறைகள் கட்டியவர்களும் உண்டு. 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் என்ற கப்பலில் இப்படி 128 அறைகள். ஒவ்வொன்றும் நூறு சதுர அடி. தனியர்கள் மட்டும் கூடிப் பேச ஒரு பொது அறை. இரட்டைக் கட்டணம் இல்லை. இதைக் கேள்விப்பட்டதும் இதுதானே நியாயம் என்று தோன்றியது. அந்த அறையில் ஜன்னலும் உண்டாம் என்றபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான் தெரிந்தது, ஜன்னல் திறப்பது கடலைப் பார்த்தல்ல, கப்பலின் நடைபாதையைப் பார்த்து. தனியனுக்குச் சமுத்திரம் தேவையில்லை, ஆள் நடமாட்டம் போதும் என்று யாரோ ஒரு கட்டடக் கலைஞர் முடிவுசெய்திருக்கிறார். அவர் அவ்வளவு தவறானவர் என்றும் சொல்ல முடியவில்லை. (வேறு சில கப்பல்களில் தனியாக வரும் பெண்களோடு நடனமாடுவதற்கென்றே வயதான கனவான்களை வைத்திருப்பார்கள். யாரோடும் விசேஷமாக ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர்களுக்கு விதி. நம் விமர்சகர்களில் சிலருக்கு இந்த உத்தியோகம் பொருந்தும்.)

ஏன் இந்தக் கப்பல், ஏன் பினாங்கு என்று நண்பர்கள் கேட்டார்கள். என் அப்பா 1949-ல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனார். ரஜூலா 1926-ல் கட்டப்பட்டது; பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. அந்தப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பிறகு அதே வழியில் சிதம்பரம் ஓடியது. 1985-ல் அது நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அத்தோடு அந்தப் போக்குவரத்து முடிந்தது. இப்போது எனக்குச் சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து அப்பாவின் பாதையின் கடைசித் துண்டை மட்டும் தலைகீழாகப் போக வாய்க்கிறது.

அப்பா டெக் பிரயாணி. ஒரு டிக்கெட், ஒரு பாய், ஒரு டிரங்குப் பெட்டி. ஒருவர் என்றால் ஒருவர்தான். பாய் விரித்த இடம்தான் அவருடைய அறை, பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர் யாரென்று அவர் கேட்கவுமில்லை, அதற்கு அவர் பணம் கட்டவுமில்லை. டெக் பிரயாணத்தை நான் மகிமைப்படுத்தவில்லை. வாந்தி நாற்றத்தையும் மாட்டைப்போல நடத்தப்பட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் பினாங்குக்கு வரும் டெக் பிரயாணிகளை முதலில் ஜெரெஜாக் தீவில் இறக்கி நோய் இருக்கிறதா என்று நாள்கணக்கில் தடுத்துவைத்துப் பார்க்கும் வழக்கமும் இருந்தது. கேபின் பிரயாணிகளுக்கு அந்தச் சிரமம் கிடையாது. ஆனால் கப்பலில் தான் தனியாக இருந்ததாக அவர் ஒருபோதும் சொன்னதில்லை. ஏறியது தனியாக. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில், கடையடைத்த பிறகு துணிமூட்டைகளுக்கு நடுவே பதினோரு வருஷம் படுத்ததைச் சொல்லும்போதும் 'தனிமை' என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததில்லை. "அங்க நமக்கு ஆளில்ல" என்பார். அவ்வளவுதான்.

இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். தனிமை என்பது ஒருவனுக்குள் இருப்பது. எடுத்துப் பார்க்கலாம், துடைத்து வைக்கலாம், பத்திரிகைக்கு அனுப்பலாம். ஆளில்லை என்பது வெளியே இருக்கும் நிலவரம். ஒரு படுக்கை காலி, ஒரு தட்டு குறைவு. நம் நவீன கவிதை முதலாவதை எடுத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிட்டது என்பது என் அபிப்பிராயம். கப்பல் கம்பெனி இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் கம்பெனியின் பார்வை அதிக யதார்த்தமானது.

கப்பலில் தனியாகப் போனவர்கள் எழுதாமல் இல்லை. ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் சமேரியா கப்பலில் போய்க்கொண்டிருந்தபோதுதான் காந்தியைப் பற்றி ஒரு டாகுமெண்டரிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. 1940-ல் படம் வெளிவந்தது. அதைப் பற்றி அவர் எழுதிய பக்கங்களில் தன் தனிமையை அவர் ஒரு பொருட்டாக மதித்ததாகவே தெரியவில்லை. அவருக்கு வேலை இருந்தது. மறு கோடியில் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ். 1995-ல் ஹார்ப்பர்ஸ் பத்திரிகை அவரைக் கரீபியன் கடலில் ஏழு இரவுகளுக்குத் தனியாக அனுப்பிவைத்தது. கப்பலின் பெயர் ஜெனித், அதாவது உச்சி. கட்டுரையில் அவர் அதை நாடிர், அதாவது அதல பாதாளம், என்று மாற்றிக்கொண்டார். அந்த நீண்ட கட்டுரை மிக நல்ல கட்டுரை. உபசாரம் எப்படி ஒரு மனிதனைக் குழந்தையாக்கி, குழந்தையை அதிருப்தியாக்குகிறது என்பதை அதற்கு முன் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. என்றாலும் அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தும். காலிப் படுக்கைக்குப் பணம் கட்டியது பத்திரிகை. சொந்தப் பணத்தில் கட்டியிருந்தால் அந்த விரக்தி வேறு நடையில் வந்திருக்கும்.

எழுத்தாளர்களை விட்டு என் விவகாரத்துக்கு வருகிறேன். 76,000 என்று சொன்ன ஏஜென்ட் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்து இரண்டு யோசனைகள் சொன்னார். முதலாவது, இன்னொரு தனியரோடு அறையைப் பகிர்ந்துகொள்வது. முன்பு சில கம்பெனிகளே ஜோடி சேர்த்துக்கொடுத்தன, இப்போது அபூர்வம். முன்பின் தெரியாதவரோடு நான்கு இரவு நூற்றைம்பது சதுர அடியில். அப்பாவின் பாய் எனக்குச் சித்திக்காது. இரண்டாவது, "யாரையாவது கூட்டிட்டுப் போங்க சார். அந்தக் கட்டிலுக்கு எப்படியும் கட்டிட்டீங்க. அவங்களுக்கு வரி, டிப்ஸ், விமானம், விசா. அவ்வளவுதான்."

எனக்கு ஒரே அக்கா. திருத்துறைப்பூண்டியில் மகன் வீட்டில் இருக்கிறாள். 72 வயது. அன்று இரவே போன் செய்தேன். பினாங்கு என்றதும் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்பா அனுப்பிய பிஸ்கட் டின்னில்தான் இன்றுவரை அவள் ரேஷன் கார்டு இருக்கிறது. பிறகு, டி.வி.யில் பார்த்த ஜப்பான் கப்பலைப் பற்றிக் கேட்டாள். 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் 3,700 பேரோடு நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ். அதெல்லாம் முடிந்துபோன கதை என்றேன். கட்டணத்தை விளக்கினேன்; அவளுக்கு அதிகம் ஆகாது என்பதை இரண்டு தடவை சொன்னேன் போலிருக்கிறது.

"ஏன்டா தம்பி, நீ கூப்புடுறது என்னையா, இல்ல அந்தக் கட்டிலு வீணாப் போவுதேன்னா?"

முப்பது வருஷமாக விமர்சனக் கட்டுரைகள் படிக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டுப் படித்ததில்லை. இரண்டும்தான் என்றேன். சிரித்தாள். வரவில்லை என்றாள். முழங்காலைக் காரணமாகச் சொன்னாள், பேத்தியின் பரீட்சையைச் சொன்னாள். பிறகு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "போன வருஷம் எல்லாரும் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிட்டாங்க. மூணு நாளு வீட்ல நான் மட்டும்தான். நெனச்சப்ப சாப்புட்டேன். ஒரு ராத்திரி சாப்புடவே இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. யாருகிட்டயும் சொல்லல. நீ தனியாவே போயிட்டு வா" என்றாள்.

அவளுக்கு அது மூன்று நாள், விலையில்லாமல், அதுவும் ரகசியமாக. கூட்டம் நிறைந்த வீட்டில் தனிமையைப் பற்றி எழுதியவர்களை ஆரம்பத்தில் கொஞ்சம் கேலியாகச் சொல்லியிருக்கிறேன். அந்த வீடுகளில் சமையலறைப் பக்கம் இருந்தவர்களுக்கு அது கிடைக்கவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்கா கவிதை எழுதுகிறவளாக இருந்திருந்தால், 'நான் மட்டும்' என்ற இரண்டு சொற்களுக்கு வேறு அர்த்தம் கிடைத்திருக்கும். அதில் துக்கம் இருந்திருக்காது.

முன்பணம் கட்டிவிட்டேன், இருவருக்கு. கப்பல் பினாங்கு போய்த் திரும்புவதால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைய இடம் தரும் விசா வேண்டும். அதற்கான காகிதங்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. விண்ணப்பத்தில் மற்ற எல்லாவற்றையும் நிரப்பிய பிறகு ஒரு கட்டம் பாக்கி இருந்தது. அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அடியில் சிறிய எழுத்தில், அவர் உங்களோடு பயணம் செய்யாதவராக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அக்கா வந்திருந்தால் அங்கே எழுத எனக்குப் பெயர் இல்லை.

போனில் அவள் எண்ணை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். கப்பல் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். இங்கிலீஷ் பெயர், அவளுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல, பேத்தி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.