தாழ் போடாத பின்கதவு

ஜெராக்ஸ் கடையில் சுடச்சுட வந்த நீதிமன்ற உத்தரவுத் தாளை அண்ணன் மகள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், அதிலிருந்து வந்த லேசான கருகல் வாசனை என்னைச் சேத்தியாத்தோப்புக்குக் கொண்டுபோய்விட்டது, எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் மொலாசஸின் கருகிய இனிப்பு வாசனை வெள்ளாற்றுக் காற்றோடு ஆயா வீட்டுக் கொல்லைவரை வரும். அந்த மாதங்களில் ஆயா முன்கதவுக்குத் தாழ் போடுவாள், பின்கதவை வெறுமனே சாத்திவைப்பாள்.

பாதி ராத்திரியில் பின்வீட்டு மருமகள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்தக் கதவைத் தள்ளி வருவாள், குதிரோரம் ஒரு பாய் விரித்தே கிடக்கும், ஆயா ஒன்றும் கேட்கமாட்டாள், சிம்னி விளக்கின் திரியை இறக்கிவிட்டு, வெற்றிலையை மடித்து வாயில் அடக்கிக்கொண்டு, வாசற்படியை அடைத்தாற்போல் விடியும்வரை உட்கார்ந்திருப்பாள். காலையில் பெரியவர்கள் கூடுவார்கள், இனிமேல் கை ஓங்கமாட்டேன் என்று அவள் புருஷன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வான், அடுத்த கரும்புப் பணம் கைக்கு வரும்வரை அது நிற்கும்.

பிறகு அவள் விருத்தாசலத்தில் இருந்த தாய்வீட்டுக்கே போய்விட்டாள், ஒருமுறை ஆயாவோடு பார்க்கப் போனேன், பீங்கான் பட்டறையில் சூளை ஏறாத ஊறுகாய் ஜாடிகள் பலகையில் வெளுத்து நிற்க, ஈரக் களிமண்ணைத் திரித்து ஒவ்வொன்றுக்கும் காது ஒட்டிக்கொண்டிருந்தாள், தகர இடுக்கில் விழுந்த வெயிலில் அவள் புருவம்கூட வெள்ளையாக இருந்தது. சனிக்கிழமை கூலி நாளில் அவன் பட்டறை வாசலில் வந்து நிற்பானாம், மேஸ்திரி அவளைச் சூளைப் பக்கமாக வெளியே அனுப்புவாராம். வேலைசெய்யும் இடத்துக்கு வராதே என்று அவனைத் தடுக்க அன்றைக்கு ஒரு தாள் இல்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல்தான் வந்தது, 2006 அக்டோபர் 26-இல் நடைமுறைக்கு வந்தது.

இன்றைக்குத் தாள் இருக்கிறது, சாத்திவைத்த பின்கதவுகள்தான் இல்லை, அண்ணன் மகளின் அலறல் கேட்ட மாடிவீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்கள். மனு போட்டால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை என்கிறது சட்டம், எங்களுக்கு வாய்தா மேல் வாய்தாவாக 37 நாள் ஓடியது, பிரமாணப் பத்திரத்தை வைத்தே, எதிர்த்தரப்பு வருமுன்பே, மாஜிஸ்திரேட் இடைக்காலத் தடை தரலாம் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆயாவின் பின்கதவை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன், ஆனால் அந்தச் சூடான தாளை வாங்கிப் படித்தபோதுதான் உறைத்தது, இருட்டில் பிள்ளையோடு ஓடியவள் ஒவ்வொரு முறையும் அவள்தான், அடித்தவன் தன் வீட்டில் கால் நீட்டித் தூங்கினான். இந்தத் தாள் அண்ணன் மகளை அடித்தவனை வீட்டைவிட்டு விலகியிருக்கச் சொல்கிறது, அவள் வேலைசெய்யும் இடத்துக்கும் வராதே என்கிறது, மீறினால் ஓராண்டுவரை சிறை, அல்லது 20,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றிரவு அண்ணன் மகள் தன் வீட்டிலேயே, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்கினாள்.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்காக மனு எழுதுகிறீர்கள் என்றால் இடைக்கால உத்தரவு வேண்டுமென்று முதல் நாளே சேர்த்து எழுதுங்கள், விவாகரத்து வழக்கு குடும்பநல நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தால் அங்கேயே கேட்கலாம், உத்தரவின் நகலுக்குக் காசு கிடையாது.