காண்டிராக்டர் நீட்டிய மூன்று தாள்

போன ஐப்பசியில் எங்கள் நகராட்சியில் குப்பை அள்ளும் வேலை புதுக் காண்டிராக்டர் கைக்கு மாறியது. மறுநாள் சாயங்காலமே மேஸ்திரி தெருவுக்கு வந்து ஆளுக்கு மூன்று தாள் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். "காலைல மஸ்டருக்கு வரும்போது கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. இல்லன்னா வேற ஆளு ரெடியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

எங்கள் தெருவில் பத்தொன்பது பேர் அந்த வேலையில் இருக்கிறார்கள். ஊர்த் தெருவில் ஒருவர்கூட இல்லை. அதுவும் ஒரு ஒப்பந்தம்தான். அதற்கு மட்டும் யாரும் நம்மிடம் கையெழுத்துக் கேட்டதில்லை.

ராத்திரி படிப்பகத்தில் உட்கார்ந்தோம். காலேஜ் படிக்கும் பிள்ளைகள் வரிவரியாகப் படித்துத் தமிழில் சொன்னார்கள். சம்பளத்தைத்தான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். பி.எஃப். என்று இரண்டு இடத்தில் 12 சதவீதம் பிடித்திருந்தது. தொழிலாளி பங்கு 12 சதவீதம், சரி. முதலாளி கட்ட வேண்டிய 12 சதவீதத்தையும் நம் கூலியிலிருந்தே எடுக்கச் சட்டத்தில் இடமில்லை. இது சின்னத் திருட்டு.

பெரிய திருட்டு முதல் தாளிலேயே இருந்தது. 'பணியில் சேர்ந்த நாள்' என்ற இடத்தில் எல்லோருக்கும் அடுத்த நாள் தேதி. எங்கள் சித்தி பதினோரு வருஷமாக அதே வார்டில் கூட்டுகிறார். காண்டிராக்டர் நாலு பேர் மாறினார்கள், துடைப்பம் மாறவில்லை. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தொழில் நிறுவனங்களில் 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கச் சொல்கிறது. காண்டிராக்ட் ஆட்களுக்கு அது பொருந்துமா என்று வழக்காடித்தான் வாங்க வேண்டும். ஆனால் வழக்குக்குப் போனால் முதல் கேள்வியே, எத்தனை நாள் பார்த்தாய், என்ன ஆதாரம் என்பதுதான். 'நாளைக்குத்தான் சேர்ந்தேன்' என்று சித்தியே எழுதிக் கொடுத்துவிட்டால் பதினோரு வருஷத்தை எங்கே தேடுவது? மூன்றாம் தாள் தேதி போடாத ராஜினாமாக் கடிதம். வேலையில் சேரும்போதே விலகலும் தயார்.

இரண்டாம் தாளில் 'மேற்பார்வையாளர் சொல்லும் எந்த வேலையும்' என்று ஒரு வரி. 'விபத்துக்கு நானே பொறுப்பு' என்று அடுத்த வரி. இரண்டையும் சேர்த்துப் படித்தபோது படிப்பகமே அமைதியானது. எந்த வேலை என்று அங்கிருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக் குழியில் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குழியில் இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. குற்றமான வேலைக்குச் சம்மதம் என்று எழுதி வாங்கினாலும் அந்தத் தாள் செல்லாது. செல்லாது என்று காண்டிராக்டருக்கும் தெரியும். இறந்தவன் வீட்டுக்குப் போய் விரித்துக் காட்டிப் பயமுறுத்த அது போதும்.

பஞ்சமி நிலம் கைமாறிய கதையைப் பெரியவர் ஒருவர் எடுத்தார். நம் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று நிபந்தனை இருந்த நிலம். தாளை நீட்டியவருக்கு அது தெரியும், கைநாட்டு வைத்த தாத்தாவுக்குத் தெரியாது.

காலையில் பத்தொன்பது பேரும் ஒன்றாகப் போனார்கள். தமிழில் கொடுங்கள், சேர்ந்த நாளைச் சரியாக எழுதுங்கள், எங்களுக்கும் ஒரு நகல் வேண்டும் என்றார்கள். மூன்று நாள் மஸ்டர் போடவில்லை. மூன்று நாள் கூலி போனது. இரண்டாம் நாளே இரண்டு பேர் இங்கிலீஷ் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவருக்கு மகள் காலேஜ் ஃபீஸ், இன்னொருவருக்குக் குழுக் கடன் தவணை. அவர்களை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று அன்றே பேசிக்கொண்டோம்.

நாலாம் நாள் தமிழ்த் தாள் வந்தது. ராஜினாமாக் கடிதம் இல்லை, பி.எஃப். ஒரு இடத்தில்தான் இருந்தது. பழைய சேர்ந்த நாளை எழுத மட்டும் காண்டிராக்டர் ஒப்பவில்லை. 'எந்த வேலையும்' வரியும் அப்படியே. சித்தி கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன், குழியில் இறங்க மாட்டேன்' என்று எழுதித் தேதி போட்டார். மேஸ்திரி முறைத்தார். "அய்யா, ஜெராக்ஸ் எடுத்துட்டுத்தான் குடுப்பேன்" என்று தாளோடு கடைக்கு நடந்தார் சித்தி. மற்ற பதினாறு பேரும் பின்னாலேயே போனார்கள்.