ஹார்ட் டிஸ்க்கும் கல்லாப்பெட்டியும்

கும்பகோணத்துக்காரனுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்ட் வரை விடாமல் அடிக்கிற மழை எப்படி இருக்கும் என்பது பேங்க் என்னை இடுக்கிக்குத் தூக்கியடித்த பிறகுதான் தெரிந்தது.

அதற்கு முன் மூன்று வருடம் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறை பக்கம். கவுண்டருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ்தான் பேசுவார்கள். பொள்ளாச்சி பக்கத்திலேயே இருப்பதால் வெளியூரில் இருக்கிற நினைப்பே வராது. பிறகு தேவிகுளம் தாலுகா. இங்கேயும் தமிழுக்குப் பஞ்சமில்லை. தேயிலைத் தோட்டத்துக்குத் தலைமுறைகளுக்கு முன்னால் வந்தவர்களின் பிள்ளைகள், பேரன்கள். பாஷை பிரச்சினை இல்லை, கரண்ட்தான் பிரச்சினை.

வேடிக்கை என்னவென்றால் இது கரண்ட் பிறக்கிற மாவட்டம். கேரளாவின் முதல் நீர்மின் நிலையம் மூணாறு பக்கத்தில் பள்ளிவாசலில் 1940-ல் ஓட ஆரம்பித்தது. இடுக்கி அணைத் தண்ணீரில் ஓடும் மூலமற்றம் நிலையத்தின் திறன் 780 மெகாவாட். ஆனால் காற்றில் ஒரு கிராண்டிஸ் மரம் கம்பி மேல் விழுந்தால் நமக்கு மெழுகுவர்த்திதான். கொட்டுகிற மழையில் கம்பம் ஏறுகிற லைன்மேன்களைப் பார்த்தால் குறை சொல்ல வாய் வராது.

இது 2022 ஜூலையில் நடந்தது. தங்கமணியும் மகளும் கும்பகோணத்தில். மகள் பிளஸ் டூ, காமர்ஸ் குரூப். கணக்குப்பதிவியலில் கூட்டாளி சேர்ப்பு பாடம் வந்ததும் முழிக்க ஆரம்பித்தாள். ட்யூஷன் சார் வேகமாகப் போகிறாராம். "அப்பா, நீங்க பி.காம் தானே, நீங்களே சொல்லிக் குடுங்க" என்றாள். இருபது வருஷமாக என் பி.காமை யாரும் இவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டதில்லை :-)

தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால். எட்டரைக்கு டாண் என்று கரண்ட் போகும். வாடகை அறை, இன்வர்ட்டர் கிடையாது. போனில் சிக்னல் இருக்கும், அதிலிருந்து லேப்டாப்புக்கு நெட் கொடுத்துவிடலாம். ஆனால் லேப்டாப் 2014-ல் வாங்கியது. பேட்டரி ஐம்பது நிமிஷம் தாங்கினால் அதிகம். மறுமதிப்பீட்டுக் கணக்கு முடிந்து முதல் கணக்குக்கு வரும்போது திரை அணைந்துவிடும். இருப்புநிலைக் குறிப்பை ஒரு வாரமாக நாங்கள் எட்டவே இல்லை. கொஞ்ச நாளில் "சாப்பிட்டீங்களாப்பா?" போய், "சார்ஜ் எவ்வளவு இருக்குப்பா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வியாக இருந்தது. அதைக் கேட்கும்போது என்னவோ போலிருக்கும்.

ஒரு ராத்திரி கரண்ட் இல்லாத அமைதியில்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கிர்ர்... டிக் டிக்... கிர்ர். நான் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் ஹார்ட் டிஸ்க் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தட்டு நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றுகிறது, அதன் மேல் ஒரு முள் இங்கும் அங்கும் அலைகிறது. இரண்டுக்கும் பேட்டரிதான் படியளக்க வேண்டும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் டிஸ்க் 100 சதவீதம்! ஒரு பக்கம் விண்டோஸ் அப்டேட் இறங்குகிறது. ஒரு பக்கம் ஆன்ட்டிவைரஸ் சோதனை. போட்டோக்களை இணையத்தில் ஏற்றும் புரோகிராம் வேறு. இதெல்லாம் போக பெரிய குற்றவாளி நானேதான். பிரவுசரில் பதினாலு டேப். இருப்பதோ 4 ஜிபி ராம். இடம் போதாமல் விண்டோஸ் பாதியை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கிறது, கேட்கும்போது திரும்ப எடுத்து வருகிறது.

பேங்க் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். ராம் என்பது கேஷியரின் கல்லாப்பெட்டி. ஹார்ட் டிஸ்க் என்பது ஸ்ட்ராங் ரூம். காலையில் வேண்டிய பணத்தை வெளியே எடுத்து, நாள் முழுக்கக் கல்லாவிலேயே புரட்டி, சாயங்காலம் மொத்தமாக உள்ளே வைப்பார்கள். நூறு ரூபாய் கேட்டு வருகிற ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆபீசர்கள் இரண்டு சாவியோடு ஸ்ட்ராங் ரூமைத் திறந்தால் கிளை என்ன ஆகும்? என் லேப்டாப் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

செய்தது இவ்வளவுதான். பாடத்துக்கு வேண்டாத டேப்புகளை மூடினேன். ஆன்ட்டிவைரஸ் சோதனையை மதிய வேளைக்கு மாற்றினேன். அப்டேட்டையும் போட்டோ ஏற்றுவதையும் கரண்ட் இருக்கும்போது மட்டும் ஓடவிட்டேன். அடிக்கடி திறக்கும் புரோகிராம்களை முன்கூட்டியே ராமுக்குக் கொண்டுவரும் சிஸ்மெயின் என்ற சேவையை நிறுத்தினேன். பவர் ஆப்ஷன்ஸில், வேலை இல்லாதபோது டிஸ்க்கை நிறுத்தச் சொல்லும் வசதி இருக்கிறது. ஆர்வக்கோளாறில் அதில் ஒரு நிமிஷம் வைத்தேன். அது நின்று நின்று கிளம்பி முன்னைவிட மோசமாகிவிட்டது. தட்டு சும்மா சுற்ற ஒரு வாட் அளவில் போதும். நின்ற தட்டைக் கிளப்ப, சில நொடிகளுக்கு அதைப் போல நாலைந்து மடங்கு வேண்டும். முள் ஓரமாக ஒதுங்கி வருவதற்கும் ஆயுள் கணக்கு உண்டு, மூன்று முதல் ஆறு லட்சம் தடவை என்று போட்டிருப்பார்கள். பத்து நிமிஷம் என்று மாற்றினேன்.

லினக்ஸில் இதற்கென்றே லேப்டாப் மோட் என்று ஒன்று உண்டு. சில்லறை எழுத்து வேலைகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக டிஸ்க்குக்கு அனுப்பும். சாயங்காலம் கல்லாவை எண்ணி உள்ளே வைப்பது போலவே! ஆபத்தும் அதே மாதிரிதான். உள்ளே வைப்பதற்குள் கரண்ட் போய் மெஷின் அணைந்தால், சேர்த்து வைத்தது போச்சு. எனவே முக்கியமான ஃபைலைக் கையோடு சேவ் செய்துவிட வேண்டும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கால் மட்டும் மிச்சமானது ஒரு வாட், ஒன்றரை வாட் இருக்கும். பின்னணி வேலைகள் நின்றதால் பிராசஸருக்கும் ஓய்வு கிடைத்தது. திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தேன். என் முகம் எதற்கு என்று கேமராவையும் அணைத்துவிட்டேன், குரலும் எக்ஸெல் ஷீட்டும் போதும். எல்லாம் சேர்ந்து ஐம்பது நிமிஷம் அறுபத்தைந்து ஆயிற்று.

பதினைந்து நிமிஷம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்த வாரமே, வெளியே காற்று ஊளையிட, ஆறு சதவீதம் சார்ஜில், "அப்பா, ரெண்டு பக்கமும் டாலி ஆயிடுச்சுப்பா!" என்று கத்தினாள். நான் பதில் சொல்வதற்குள் திரை அணைந்துவிட்டது. உடனே போன் அடித்தது. "சாப்பிட்டீங்களாப்பா?"

தீபாவளிக்குப் போடிமெட்டு வழியாக ஊருக்குப் போகும்போது, தேனியில் எஸ்எஸ்டி போட்டு ராமையும் 8 ஜிபி ஆக்கினேன். சுற்றும் தட்டு இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் பின்னணியில் வேண்டாதது ஓடினால் பேட்டரி அப்போதும் கரையத்தான் செய்யும். அந்தப் பழக்கத்தை மட்டும் விடவில்லை.

2023 மார்ச்சில் பரீட்சை எழுதினாள். பிறகு சேர்ந்ததும் பி.காம்தான்.

டிஸ்கி: பேட்டரி இன்னும் அதே பழசுதான். மாற்றச் சொல்லித் தங்கமணி மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் :-)